துலாநாக்கு

வடமேற்குக் காற்று மூன்று நாள் அடித்து ஓய்ந்தால்
காஸ்ட்ரோ நகரிலிருந்து முதல் பேருந்து பிடிப்பேன்.
பையில் தராசு, காந்தம், அமிலக் குப்பி,
எண்ணி அடுக்கிய நோட்டுகள்.
எனக்கு முந்திக் கடல் வேலையைத் தொடங்கியிருக்கும்.
சிலோயே தீவின் மேற்குக் கரை முழுவதையும்
ஒரே சொளகில் போட்டுப் புடைத்து
வெளிர்மணலைத் தவிடாகத் தள்ளிவிட்டு
கனத்ததை மட்டும் ஓடைவாயில் விட்டுப் போயிருக்கும்.
கருமணல்.
அதற்குள் எங்கோ மஞ்சள் நொய்.

அடுத்த ஏற்றம் வரைதான் நேரம்.
முழங்கால் தண்ணீரில் ரொசாமேல்,
வாளியோடு ஓடும் அவன் மகன்,
நேற்று இரவு ஓடை வாய் மாற்றிக்கொண்டதால்
யார் எல்லை எது என்று கத்தும் இரண்டு மச்சான்கள்.
தெல்மிரா வென்டேயோ கத்துவதில்லை.
சரித்து வைத்த பலகைத் தொட்டியில்
ஆட்டுத்தோல் விரித்து
ஒரு மண்வெட்டி மணல், இரண்டு வாளி தண்ணீர்,
ஒரு மண்வெட்டி மணல்.
நிற்கிற காலுக்கும் வேலை கொடுப்பாள்:
குதிகாலைத் திருகித் திருகி
மணலுக்கடியில் மட்டி தேடுவாள்.
"பொன் வராத நாளிலும் பானை கேட்குமே."

சாயங்காலம் எஹீதியோ கடையில் எடை.
விறகடுப்பைச் சுற்றி ஈரக் கம்பளி நாற்றம்.
மருந்துக் குப்பிகளில் பொடி கொண்டுவருவார்கள்,
ஒரு பருவத்து முதுகுவலி
சுண்டுவிரல் நகத்தில் அடங்கும்.
காந்தத்தால் கருமணலை இழுத்துவிட்டு
மூச்சை அடக்கிக்கொண்டு கொட்டுவேன்.
அவர்களும் அடக்கிக்கொள்வார்கள்.
தராசின் நாக்கு பொய் சொல்லாது.
பொய், படிக்கல் வைக்கிற தட்டின் அடியில்
ஒட்டிக்கொண்டிருந்தது: மெழுகு.
முதலில் கடுகளவு.
விலை இறங்கிய வருஷம் பயறளவு.
வெறும் தராசை யாரும் பார்க்க
நான் ஆடவிட்டதில்லை.

தெல்மிரா ஒவ்வொரு வருஷமும்
பொடியைக் கொடுக்கும் முன் ஒரு மோதிரம் எடுப்பாள்.
"இது எவ்வளவு? சும்மாதான். விற்க மாட்டேன்."
நாலு புள்ளி ஒன்று, என்றேன் ஒரு முறை.
நாலு, என்றேன் பிறகு.
இந்த முறை நாலுக்கும் கீழே போயிற்று:
மூன்று புள்ளி தொண்ணூற்றைந்து.
"இளைச்சுக்கிட்டே போகுது" என்றாள்.
மணலில் கைபோட்டுப் போட்டு
பொன் தேயும் அம்மா, என்றேன்.
எவ்வளவு அழகான பதில்.
கடற்கரைக்கே பொருந்துகிற பதில்.

அவள் அடுப்பில் ஒரு கட்டை வைத்தாள்.
"மோதிரம் என் கையில் இருந்ததில்லை.
அவர் போன நாளிலிருந்து
மாவு டப்பாவுக்குள்தான் கிடக்குது.
மாவு தேய்க்குமா?"

யாரும் சிரிக்கவில்லை.
ரொசாமேல் தன் குப்பியின் மூடியைத்
திருகித் திறந்து, திருகி மூடினான்.
மழை தகரத்தில் இறங்கியது.
"நகைக்கடைச் சீட்டு இருக்குது,
நாலு புள்ளி இரண்டு" என்றாள்,
யாரிடமோ ரொட்டி விலை சொல்வதுபோல.
"சரி. இப்போ என் பொடியை நிறு."

தராசைத் துடைக்கிற சாக்கில்
நகத்தால் கீறி எடுத்தேன்.
எல்லோரும் பார்த்தார்கள்,
பார்க்கவில்லை என்பதுபோல.
முதல்முறையாக வெறுந்தராசு
மேசை நடுவில் சிறிது ஆடி
நின்றது, நேராக.

என்னை அடிக்கவில்லை. பேருந்து வரும்வரை
மட்டிக் கஞ்சி கூடக் கொடுத்தார்கள்.
அதுதான் தொண்டையில் இறங்கவில்லை.

வீட்டில் அந்த மெழுகை நிறுத்தேன்.
கால் கிராம்.
எத்தனை குப்பி, எத்தனை பருவம்:
கணக்கு நோட்டைத் திறந்து
பக்கத்தில் பென்சிலும் வைத்தேன்.
இன்னும் பெருக்கவில்லை.
காற்று வடமேற்கில் திரும்பியிருக்கிறது.