இரண்டு துளைகள்

முழங்காலுக்குத்தான் வந்திருந்தார்
ரோய் டப்ளின். கிரிம்ஸ்பி மீன்சந்தையில்
நாற்பது வருடம் பெட்டி தூக்கிய முழங்கால்.
பத்து நிமிடத்தில் ஆறு மழைப்பேச்சில் போயிற்று.

எழுந்தவர் காற்சட்டையை இழுத்துவிட்டார்.
பெல்ட்டில், கடைக்காரன் போட்ட ஓட்டைகளைத் தாண்டி
ஆணியால் குத்திய இரண்டு.
ஒன்று பழசு, ஓரம் கறுத்தது.
மற்றதில் தோலின் வெளிறல் இன்னும் தெரிந்தது.

"எப்போது குத்தினீர்கள்?"
"ஈஸ்டருக்கு ஒன்று. போன ஞாயிறு ஒன்று.
தொப்பை போச்சென்று மனைவிக்குச் சந்தோஷம்."

கதவுப்பிடியில் கை வைத்தவரை
மறுபடி உட்காரவைத்தேன்.

போன மாதம் வேறொரு டாக்டர் கேட்ட
மலப் பரிசோதனை திரையில் இருந்தது: ஏழு.
பத்துக்குத்தான் கதவு திறக்கும்.
ஏழு நல்ல எண். ஏழோடு ஒருவரை
வீட்டுக்கு அனுப்பலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.
ஒருமுறை அனுப்பியிருக்கிறேன்.
அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன்.

படிவத்தில் வயதுக்குக் கட்டம் உண்டு,
இரத்தச்சோகைக்கு உண்டு,
பெல்ட்டுக்கு இல்லை.
அடியில் "வேறு விவரம்" என்ற ஒற்றை வரியில் தட்டினேன்:
ஆணித்துளை இரண்டு. மூன்று மாத இடைவெளி.
அவசரம்.

"அப்படியென்றால், அதுதானா?"
அந்தச் சொல்லை அவரும் சொல்லவில்லை.
"தெரியாது. தெரியாததால்தான் அனுப்புகிறேன்."

மீன்விலை கேட்டவர்போல் தலையாட்டிவிட்டுப் போனார்.
வெளியே நான்கு பேர், கடிகாரத்தைப் பார்த்தபடி.
அடுத்த பெயரை அழைத்த பிறகுதான் உறைத்தது,
முழங்காலை நான் பார்க்கவே இல்லை.