பத்து ஷில்லிங்

பொருளாதாரக் குற்றப்பிரிவு வாசலில்
எனக்கு டோக்கன் நூற்றுப் பதினேழு.
மடியில் மாலைநேரக் கல்லூரி விடைத்தாள் கட்டு.
கேள்வி ஏழு: 1707இல் ஸ்காட்லாந்து. பத்து மதிப்பெண்.

மார்ச்சில் கலைந்த நாடாளுமன்றத்தை
எல்லோரும் எழுதிவிட்டார்கள்.
மே மாதம் கரையொதுங்கிய முப்பத்தொரு திமிங்கலங்களை
ஒருத்தி மட்டும் எழுதியிருக்கிறாள்.
வகுப்பில் நான் சும்மா சொன்னது.

முன்னால் நிற்பவள் பாவாயி.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு மெருகு போடுகிறவள்.
சேர்வராயன் மலையில் பன்னிரண்டு சந்தனக் கன்று வாங்கினாள்,
பார்க்காமல்.
நான் இருபது. பார்க்கப் போனேன்,
பதினான்காம் கொண்டை ஊசி வளைவு தாண்டி.
பெயர்ப்பலகை நன்றாக வளர்ந்திருந்தது.

"யாரு இவங்க?" என்றாள், தாளை எட்டிப் பார்த்து.

பனாமாவில் கண்ணால் காணாத ஒரு கரைக்கு
நாடே திரண்டு பணம் கட்டியது.
விற்பதற்குக் கப்பலில் டோப்பாவும் சீப்பும் ஏற்றிப் போனார்கள்.
"சீப்பா?"
ஆமாம், சீப்பு.
காய்ச்சலுக்குப் போக மிஞ்சியவர்கள் திரும்பினார்கள்.
ஏழு வருஷம் கழித்துப் பக்கத்து நாடு சொன்னது:
நட்டத்தை நாங்கள் தருகிறோம், வட்டியோடு.
இனி நீங்கள் தனி நாடில்லை.
"எவ்வளவுக்கு?"
மூன்று லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரத்து
எண்பத்தைந்து பவுண்டு, பத்து ஷில்லிங்.
"அந்தப் பத்தை எவன் பேரம் பேசினான்?"

ஆகஸ்டில் பன்னிரண்டு வண்டி வந்தது, குதிரைப்படைக் காவலோடு.
உள்ளே வெறும் கல் என்றார்கள் சிலர்.
கல் இல்லை.
கால்வாசி காசு, மற்றது காகிதம்.
வண்டி காலியாகத் திரும்பியபோது
கூட்டம் கல் கொடுத்து அனுப்பியது.

உச்சி வெயிலில் கம்பெனி வக்கீல் வந்தார்.
வழக்கை விட்டால் முழுப் பணம்,
கால்வாசி ரொக்கம், மீதிக்குச் செக்.
'இனி எவ்விடத்தும் எவர்மீதும் புகாரில்லை'
என்ற வரிக்குக் கீழே ஒரு கோடு.
வரிசை குலைந்தது.
மகளுக்கு முகூர்த்தம் குறித்தவர் முதலில் ஓடினார்.

நான் சிவப்பில் கையெழுத்திட்டேன்.
வக்கீல் நீலம் கேட்டார்.
மறுபடி போட்டேன்.
பாவாயியும் போட்டாள், மூன்றெழுத்து.
பிறகு செக்கைப் படிக்கட்டுக் கல்லில் போட்டு,
வெள்ளியைச் சோதிக்கிறவள்போல்
தலை சாய்த்துக் காத்திருந்தாள்.
ஐந்து ரோடு பஸ் ஒன்று ஹாரனடித்துக் கடந்தது.
அவள் இன்னும் குனிந்தே இருந்தாள்.

திமிங்கலம் எழுதியவளுக்கு ஒன்பதரை.
அரையை ஏன் பிடித்தேன் என்று
இந்நேரம் வரை தெரியவில்லை.