ஷ்பைஷர்

யூலிஷில் இது கிழங்குக் காலம்.
லாரிகள் சிந்திய சேற்றில் வழுக்காமல்
சைக்கிளை மிதித்து வந்து சேர்ந்தால்
ஆய்வுக்கூடத்து வெள்ளை அங்கியிலும்
சர்க்கரை ஆலையின் வெந்த வாடை.

நுண்ணோக்கிக்குக் கீழே
இரண்டு ஊசிகளை இறக்குகிறேன்.
ஏழாம் வரிசை, பதினொன்றாம் சதுரம்.
மேலே ஒரு உலோகம், கீழே ஒரு உலோகம்,
நடுவில் ஐந்து நானோமீட்டர்
ஹாஃப்னியம் ஆக்சைடு.

ஒன்றரை வோல்ட். ஒரே துடிப்பு.
ஆக்சிஜன் அணுக்கள் சில
எழுந்து போய்விடுகின்றன.
அவை விட்டுப்போன காலியிடங்கள்
ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுக்க
மின்சாரம் அதன்மேல் நடந்து கடக்கிறது.
நினைவு என்று நாங்கள் குறித்துக்கொள்வது இதைத்தான்:
போனவர்களால் ஆன பாதை.

(கட்டுரையில் இப்படித்தான் எழுதியிருந்தேன்.
ஹைகோ அடித்துவிட்டு
ஓரத்தில் கேட்டிருந்தான்:
‘ஆதாரம்?’)

எதிர்த்துடிப்பு கொடுத்தால் மறக்க வேண்டும்.
பத்தாயிரம் தடவை
சொன்ன பேச்சைக் கேட்டது பதினொன்று.
நேற்று நாலேகாலுக்கு
பிடித்த பிடியை விடவில்லை.
மைனஸ் இரண்டு. மைனஸ் இரண்டரை.
ம்ஹூம். உடும்பு.

‘செத்துவிட்டது. பட்டியலிலிருந்து எடு’ என்கிறான் ஹைகோ.
மறக்க முடியாததைத்தான்
செத்தது என்கிறோம், இந்தத் துறையில்.

வீட்டுக்கு வந்தால் கதவில் ஒரு சீட்டு.
கீழ்வீட்டு கிர்ஃபெல் அம்மாளின் சாய்ந்த எழுத்து:
‘வெள்ளிக்குள் ஷ்பைஷரைக் காலிசெய்யவும்.’
ஆறு வருடமாக நான் சம்பளம் வாங்கும் சொல்.
என் வாயில் அது நினைவகம்.
இந்த ஊர்க்காரர்களுக்குப் பரணும் அதுவேதான்.
வாசற்படியில் தனியாக நின்று சிரித்தேன்.

மேலே குனிந்துதான் நிற்க முடியும்.
முன்பு குடியிருந்தவனின் பனிச்சறுக்குக் கட்டைகள்,
தேதி ஒட்டிய ஜாம் பாட்டில், அதில் பாதி ஜாம்.
என்னுடையவை: விசா நகல்கள்,
சுவிட்ச் உடைந்த ரைஸ் குக்கர்,
அப்புறம் அந்தப் பிளாஸ்டிக் டப்பா.
முதல் வருடத்துச் சிலிக்கான் வில்லை.
நானூறு சதுரங்கள், நானூறும் பிடித்த பிடி.
குப்பையில் போட்டுவிட்டேன் என்று
குழுக் கூட்டத்தில் சொல்லியிருந்தேன்.

மற்றதெல்லாம் தெருவோரம் போனது.
ரைஸ் குக்கரை யாரோ
விடிவதற்குள் எடுத்துப் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை, எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில்
வில்லையை ஊசிகளுக்கு அடியில் வைத்தேன்.
ஆறு கோடை ஓட்டுக்கூரைச் சூடு.
ஆறு குளிர்காலம்.
முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது
அப்படியே இருந்தன.

மூன்றாம் வரிசையில் ஒன்று மட்டும்
யாரும் கேட்காமலே விட்டிருந்தது.

எப்போது என்று தெரியாது.
ஏதோ ஒரு இரவில்,
என் கட்டிலுக்கு நேர் மேலே,
நான் தூங்கிக்கொண்டிருக்கையில்
ஒரு அணு திரும்பி வந்து
தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஹைகோ வரும் காலடி கேட்டது.
வில்லையை டப்பாவில் போட்டு மூடினேன்.
பட்டியலில் பதினொன்றுக்கு எதிரே
‘இறப்பு’ என்றிருந்ததை அழித்து
‘அளவீடு தொடர்கிறது’ என்று எழுதினேன்.
ஆதாரம் கேட்பான்.