ஒரு வாளி வெள்ளை

சாவியோடு பதினோரு பக்கம் தந்தார்கள்.
ஏழாம் பக்கத்தில் இருந்தது:
காலி செய்யும்போது சுவர்கள் வெள்ளையாக இருக்கவேண்டும்.

முப்பத்தெட்டு சதுர மீட்டர்.
சமையலறை என்று காட்டிய இடத்தில்
இரண்டு குழாய், ஒரு வடிகால்,
கூரையிலிருந்து தொங்கும் மொட்டைக் கம்பி.
லைப்சிக்கில் இதுதான் வழக்கம்.
முன்பிருந்தவர் அடுப்பைக் கழற்றுவார்,
தொட்டியைக் கழற்றுவார்,
கடைசியில் பல்பையும் கழற்றிக்கொண்டு
இருட்டில் படியிறங்கிப் போவார்.

நான் டிராம் ஓட்டுகிறவள்.
ஆறு பன்னிரண்டுக்கு ஒரு நிறுத்தம்,
ஆறு பதினான்குக்கு அடுத்தது.
ஆகவே முதல் முடிவு சுலபமாக வந்தது:
இந்த வீட்டில் கடிகாரம் கிடையாது.

நிறத்துக்குத்தான் ஒரு குளிர்காலம் பிடித்தது.
ஸ்வான்ட்யே வந்து உதட்டைப் பிதுக்கினாள்.
"இந்த வருடம் எல்லாரும் களிமண் நிறம்."
போன வருடம் அவள் வீடு சாம்பல்.
அதற்கு முந்தி என்னவென்று
அவளுக்கே ஞாபகமில்லை.

அவள் போனபிறகு கதவுக்குப் பின்னால்
நாணயம் அளவுக்குச் சுரண்டினேன்.
வெள்ளை.
வெள்ளை.
வெள்ளை.
கொஞ்சம் பழுத்த வெள்ளை.
கண்ணில் தூசி எரிய எரிய
இன்னும் உரித்தேன்.
அடியில் ஒரு பச்சை,
பட்டாணித் தோலின் உட்புறம் போல.

யாரோ ஆசைப்பட்டு அடித்தது.
அதன்மேல் எத்தனை பேர்
ஏழாம் பக்கத்துக்குக் கீழ்ப்படிந்திருக்கிறார்கள்!

சில்லைக் காகிதத்தில் மடித்து
பெயின்ட் கடை ட்ஷோகெயிடம் நீட்டினேன்.
அட்டையில் இல்லாத நிறம்.
மூன்று முறை கலக்கினார்,
மூன்றாவதைத் தன் நகத்தில் தடவிப் பார்த்து
விலையைக் குறைத்துச் சொன்னார்.

ஒரே ஒரு சுவர். அது போதும்.
அதன் முன்னால்
மூடிய பள்ளியொன்றின் ஆய்வுக்கூட மேசை.
அமிலம் தின்ற வட்டங்களை இழைக்கவில்லை,
கோப்பை வைக்கத் தோதாக இருக்கின்றன.
பல்பைத் தாழ்த்தினேன்,
ரொட்டி தெரியும், முகம் தெரியாது.
இரட்டை ஜன்னலின் இடுக்கில் வெண்ணெய்;
மார்ச் வரை குளிர்பெட்டிக்கு விடுமுறை.
அடுப்பிலிருந்து மேசைக்கு ஓரடி,
தூக்கத்திலும் அளந்துவிடுவேன்.

ஸ்வான்ட்யே மறுபடி வந்தாள்.
"எப்போதிருந்து இப்படி இருக்கிறது?" என்றாள்.
சுவர் அப்போது முழுசாகக் காயக்கூட இல்லை.

பச்சை வாங்கிய அன்றே
ஒரு வாளி வெள்ளையும் வாங்கிவிட்டேன்.
பத்து லிட்டர். திறக்கவில்லை.
உள்ளே பால்போல ஆடை கட்டியிருக்கும்.

அது வாசலோரம் இருக்கிறது.
கடைசி வண்டியைப் பணிமனையில் விட்டுவிட்டு
வந்ததும் அதன்மேல் உட்கார்ந்துதான்
பூட்ஸைக் கழற்றுகிறேன்.