படிவத்தில் இல்லாத கட்டம்

விடிய இன்னும் கொஞ்ச நேரம்.
கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில்
ஐஸ் உடைபடும் சத்தத்துக்கு நடுவே
அளவுநாடாவை இழுத்துப் பிடிக்கிறேன்.
மூக்கிலிருந்து வால்நுனி வரை
நூற்று எண்பத்தேழு.
"எழுதிக்கிட்டியா? நகரு தாயி"
என்கிறாள் ஏலக்காரி தில்லைக்கரசி.
அவள் அவசரம் அவளுக்கு.

பக்கத்துக் கூடையில் மத்தி.
ஆயிரக்கணக்கில் முட்டையை வாரி இறைத்துவிட்டு
மிச்சத்தைக் கடல் பார்த்துக்கொள்ளட்டும் என்று
போய்விடுகிற சாதி.
துடுப்புநுனி கறுத்த இந்தச் சுறா
அப்படிக் கணக்குப் போடுவதில்லை.
ஆறேழு வருடம் வளர்வது மட்டும்தான் அதற்கு வேலை.
பிறகு பத்து மாதச் சுமை,
ஈன்றபின் ஒரு வருட ஓய்வு.
நாலு குட்டி, மிஞ்சிப்போனால் ஏழு.
தின்ன ஆளில்லாத உடம்பு வாய்த்துவிட்டால்
நிதானமாக இருக்கலாம் என்று
கோடி வருடமாக நம்பி வந்திருக்கிறது.
அந்த நம்பிக்கையில்
விசைப்படகு இல்லை.

முதுகெலும்பிலிருந்து ஒரு வில்லை கேட்டு வாங்குவேன்.
சீவி, விளக்கடியில் வைத்து
வளையம் எண்ணுவேன்.
போன வாரத்துச் சுறாவுக்குப் பதினொன்று.
எட்டாவது மட்டும் நூலாக இளைத்திருந்தது.
அந்த வருடம் அதற்கு என்ன பசியோ.

இன்று எட்டியப்பன் வயிற்றைக் கீறியதும்
ஆறு குட்டிகள்.
முழங்கை நீளம், பல்லெல்லாம் முளைத்து,
தொப்புள்கொடி அறாமல்.
ஒன்றின் செவுள் அசைந்தது.
அல்லது தரைதான் ஈரத்தில் மின்னியது.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் கேட்டார்:
"பெரியாஸ்பத்திரியில மகளுக்குப் பிரசவம்.
பால்சுறா கிடைக்குமா?"
தில்லைக்கரசி இரண்டு குட்டிகளின் கொடியை
நகத்தாலேயே கிள்ளினாள்.
"என்ன குழந்தை?"
"பொண்ணு."
மூன்றாவதைச் சும்மா போட்டாள்.

படிவத்தில் நாலு கட்டம்:
நீளம், எடை, பால், முதிர்ச்சி.
தாய்க்கு நாலும் நிரம்பியது.
குட்டிகளைப் பிறந்தவை என்று எழுத முடியாது.
பிடிபட்டவை என்றால்
எந்தக் கடலிலிருந்து?
ஓரத்தில் பென்சிலால் 'ஆறு' என்று எழுதினேன்.
அடித்துவிட்டு 'மூன்று' என்றேன்.
மறுபடி 'ஆறு'.
பால் என்கிற கட்டத்தின் மேல்
ஐஸ்தண்ணீர் சொட்டி
எழுத்து ஊறிக்கொண்டிருந்தது.

"அடுத்தது" என்றான் எட்டியப்பன்,
வாலைப் பிடித்து இழுத்தபடி.