இருநூறு லிட்டர்

வெள்ளம் வடிந்த பிறகு டொங்காட்டில்
குழாய்கள் கொஞ்ச நாள் இருமின.
அப்புறம் அதுவும் இல்லை.

லாரி வந்த நாளில் எனக்கு முன்னால் நோசிஃபோ,
அவளுக்கு முன்னால் பதினேழு வாளிகள்.
திறந்து கிடந்த என் கதவைக் காட்டிச் சொன்னாள்:
"கூடத்தில் இருநூறு லிட்டரை வைத்துக்கொண்டு
இங்கே வந்து நிற்கிறாயே!"
வரிசை சிரித்தது.
நானும் சிரித்தேன், சற்றுத் தாமதமாக.

அந்த இருநூறும் குடிக்க ஆகாது.
ஒன்பது நியான்கள் அதில்தான் மூச்சு விடுகின்றன.
ஆறு கோரிடோராக்கள் மீசையால் மணலைத் துழாவுகின்றன.
மூலையில் ஒரு பிளெக்கோ.
நடுவில், மிதக்கும் காத்தாடிபோல், ஒரு ஏஞ்சல்.

பகலில் சர்க்கரை ஆலை ஆய்வகம்.
கரும்புச் சாற்றின் அமிலம் பார்ப்பது என் வேலை.
இரவில் சம்பளமில்லாமல்
மீன்களின் மூத்திரத்தை அளக்கிறேன்.
ஐந்து மில்லி தண்ணீர், எட்டுச் சொட்டு மருந்து,
ஐந்து நிமிடம்.
மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை, தூங்கலாம்.
அன்றைக்குப் பச்சை.
மாங்காய்த் தோலின் பச்சை.

வாரம் நாற்பது லிட்டர் மாற்றிப் பழகியவள் நான்.
இப்போது நாற்பது லிட்டர் என்பது
என் சோறு, என் குளியல்,
கக்கூஸில் ஊற்றும் மூன்று வாளி.

மழைநீர் பிடித்தேன்.
வயல் கொளுத்திய கரி
அதில் கம்பளிப்பூச்சிகளாய் மிதந்தது.
வடிகட்டினேன். ஆனால் மழைக்கு முதுகெலும்பு இல்லை;
தொட்டிக்குள் போனதும் அமிலத்தின் பக்கம் சாய்கிறது,
குடித்தவன் வேலியில் சாய்வதுபோல.
எந்த வருடமோ வெஸ்ட்புரூக் கரையில் பொறுக்கிய கிளிஞ்சல்களைப்
பழைய காலுறையில் முடிந்து
ஃபில்டரின் வாயில் தொங்கவிட்டேன்.
நின்றது. ஏழு புள்ளி இரண்டு. நின்றது!

லாரித் தண்ணீரில் குளோரின் மூக்கைக் குத்தியது.
அதற்குத் தயோசல்பேட், நகக்கண் அளவு.
ஃபில்டர் பஞ்சை மட்டும்
தொட்டித் தண்ணீரிலேயே அலசினேன்.
கண்ணுக்குத் தெரியாத
நைட் ஷிஃப்ட்காரர்கள் அதற்குள் குடியிருக்கிறார்கள்.

அப்படியும் பச்சை.

தண்ணீரைக் கூட்ட முடியாதவள்
வாய்களைக் குறைக்க வேண்டும்.
மின்கட்டண ரசீதின் பின்பக்கம் பட்டியல் போட்டேன்.

முதலில் பிளெக்கோ.
விரல் நீளத்தில் வாங்கியது.
"தொட்டியைச் சுத்தமாக்கும்" என்று தந்தான் கடைக்காரன்.
இன்று முழங்கை நீளம்.
நாளெல்லாம் கயிறு கயிறாய்க் கழிகிறது.
பாதி அழுக்கு அந்தச் சுத்தக்காரனுடையது.

அடுத்தது ஏஞ்சல்.
பெயரில் மயங்கியது என் தப்பு.
குட்டியாக இருந்தவரை
பன்னிரண்டு நியான்களோடு ஒன்றாய்த் திரிந்தது.
வாய் வளர்ந்தது.
ஒரு காலையில் எண்ணினேன், பதினொன்று.
பிறகு ஒன்பது.
அதற்குக் கெட்ட எண்ணம் ஏதுமில்லை;
வாய்க்குள் அடங்குவது அதற்கு இரை, அவ்வளவுதான்.
ஆனாலும் என் காலடி கேட்டுக்
கண்ணாடிக்கு வருவது அது ஒன்றுதான்.

வெருலத்தில் டெஷின் வீட்டில் குழாய் வருகிறது.
கடலுக்குத் தூண்டிலோடு எடுத்துப்போகும்
ஐஸ் பெட்டியோடு வந்தான்.
என் தண்ணீரிலேயே முப்பது லிட்டர் ஊற்றி
இரண்டையும் இறக்கினோம்.
அந்த முப்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.
"பிறகு திருப்பிக் கேட்பாயா?" என்றான்.
பிளெக்கோவை வேண்டாம் என்றேன்.
மற்றதற்கு, வண்டியின் கதவைச் சாத்தினேன்.

பஞ்சு அலசிய பழுப்பு நீரை
நோசிஃபோ தன் பூசணிக்கு வாங்கிப் போனாள்.
மூன்றாம் நாள் கொடி வேலி ஏறியது என்கிறாள்.
நான் நம்பவில்லை.

இன்று வரிசையில், திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்:
"நேற்று என்ன நிறம்?"

நேற்றிரவு மின்சாரமும் இல்லை.
போன் வெளிச்சத்தில் குழலைத் தூக்கிப் பிடித்தேன்.
நியான்கள் ஒன்பதும் அந்த ஒளிக்கு வந்து நின்றன.

"மஞ்சள் மாதிரிதான்" என்றேன்,
வாளியைக் காலால் முன்னே தள்ளியபடி.