காரணம்: மற்றவை

பழைய சினிமாக் கொட்டகைதான் இப்போது பயிற்சி மையம்.
தரை இன்னும் சரிவு.
உருளை வைத்த நாற்காலிகள் மதியத்துக்குள்
தாமாகவே திரைப்பக்கம் நகர்ந்துவிடும்.

வாசலில் நீலப் பலகை,
வட்டமாய்ப் பன்னிரண்டு மஞ்சள் நட்சத்திரம்.
மழை படாத இடத்தில் மாட்டவும் என்று
டப்ளினிலிருந்து குறிப்பு.
பல்லினாவில் அது எந்த இடம் என்று
குறிப்பில் இல்லை.

என் வேலை கையெழுத்து வாங்குவது.
காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று.
நீல மை மட்டும்.
ஒருமுறை கருப்பில் போட்டுவிட்டார்கள்;
முப்பத்தொரு பேர் படித்த ஒரு வாரம்
நடக்கவே இல்லை என்று திரும்பி வந்தது.

கன்செப்டா மனெல்லி, ஐம்பத்து நான்கு.
கார்க் கண்ணாடியில் மழை துடைக்கும் மோட்டாருக்கு
இருபத்திரண்டு வருஷம் கம்பி சுற்றியவள்.
ஆலை கிழக்கே போய்விட்டது.
போன ஊரின் வாசலிலும்
இதே நட்சத்திரம்தானாம்.
"மழையை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்" என்றாள்
படிவம் நிரப்பிய அன்று.
அவள் பச்சைக் கோப்பு: வேலை இழந்தோர்.
மகன் லோர்கன் மஞ்சள் கோப்பு:
இருபத்தைந்துக்குக் கீழ்,
வேலையும் இல்லை, படிப்பும் இல்லை.
ஒரே வீடு, ஒரே டோஸ்டர்,
ஐரோப்பாவுக்கு இரண்டு கணக்குத் தலைப்பு.

அவள் வெல்டிங். அவன் கணினி வலையமைப்பு.
பதினான்கு கிலோமீட்டர், ஒரு டொயோட்டா.
ஒரு காரை ஒரு கோப்பில்தான் காட்டலாம்.
பயணம் எப்படி என்ற கட்டத்தை
வெறுமையாய் விட்டால் கணினி ஏற்காது.
அவன் தாளில் "நடந்து வந்தேன்" என்று
எழுதச் சொன்னது நான்தான்.

கணக்குப் பார்க்க வந்த பெண், மதேயா, ஸ்லோவேனியாக்காரி,
என் வயதில் பாதி,
அந்த வரியில் பென்சிலை நிறுத்தினாள்.
"தினமும் இருபத்தெட்டு கிலோமீட்டரா?"
ஜன்னலைப் பார்த்தாள். படுக்கைவாட்டில் மழை.
"இங்கே பையன்கள் அப்படித்தான்" என்றேன்.
சாண்ட்விச் ரசீதுக்கு நகர்ந்தாள்.
அதில் ஏழு சாண்ட்விச் அதிகம்.
அரைமணி நேரம்
ஏழு சாண்ட்விச் பற்றிப் பேசினோம்.

பத்தாவது வாரம் கன்செப்டாவுக்கு வேலை கிடைத்தது.
மாட்டு டிரெய்லர் செய்யும் இடம்,
கிராஸ்மொலினா தாண்டி, காலை ஆறு மணி ஷிப்ட்.
கேக் வெட்டினோம்.
(ரசீது இருக்கிறது.)
பச்சைக் கோப்பில் ஒன்று ஏறியது.

திங்களன்று லோர்கன் இடம் காலி.
செவ்வாய்க்கிழமை பஸ் உண்டு, வந்தான்.
புதன் இல்லை. வியாழன், வெள்ளி இல்லை.
கார் கிராஸ்மொலினாவில் நிற்கிறது.
தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால்
கணினியே பெயரை எடுத்துவிடும்.
எடுத்த பின் என்னிடம் கேட்கும்: காரணம்?
நோய். சிறை. இடமாற்றம். கர்ப்பம். மேற்படிப்பு.
அம்மாவுக்கு வேலை கிடைத்துவிட்டது என்பதற்குக்
கட்டம் இல்லை.
சொடுக்கினேன்: மற்றவை.

மஞ்சள் கோப்பில் ஒன்று இறங்கியது.
ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போயிற்று என்றும்
சொல்ல முடியாது.
இரண்டையும் ஒரே தாளில் எழுத
யாருக்கும் அனுமதியில்லை.

நான் அவனை ஏற்றி வந்திருக்கலாம்.
என் வீடு எதிர்த்திசை.
மார்ச்சில் நிதி தீர்ந்தால் என் வேலையும் தீரும்,
பெட்ரோல் விலை, முட்டிவலி.
இதெல்லாம் காரணமா, மற்றவையா,
எனக்கே தெரியவில்லை.

கடைசி வெள்ளி. பத்தரைக்குத் தேர்வு.
பத்தேகாலுக்கு வாசலில் லோர்கன்,
தலைமுதல் சாக்ஸ்வரை சொட்டச் சொட்ட.
ஒரு ஷூவின் அடி பிளந்து
வாயைத் திறந்துகொண்டிருந்தது.
"நடந்து வந்தேன்" என்றான்.

தாளை நீட்டினேன்.
அவன் பெயர் இருந்த வரியில் வேறு யாரோ.
ஓரத்தில், அச்சுக்கோடு முடிந்த பிறகு,
விறைத்த விரலால் போட்டான்.
நீல மை. கசிந்து பரவி
முத்திரையின் நட்சத்திரம் ஒன்றை நனைத்தது.

ஏழு வருஷம் பத்திரமாய் வைக்கவேண்டிய தாள்.
ஹீட்டர் மேல் காயப்போட்டிருக்கிறேன்,
அவன் சாக்ஸுக்குப் பக்கத்தில்.